இரு காதுகளும் ஒரே அளவில் கேளாதபோது

கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்திலோ, யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் இரவு பஸ் வண்டியிலோ, காத்தான்குடிக் கடைத்தெருவிலோ இன்று இயர்போன் மாட்டாத இளைஞர் ஒருவரைக் காண்பது அரிதாகிவிட்டது. பாட்டுக் கேட்பவர், பயான் கேட்பவர், இணையவழி வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவி, மத்திய கிழக்கில் தொழில் புரியும் கணவரோடு உரையாடும் மனைவி என எல்லோருக்கும் அது பொதுவான கருவியாகிவிட்டது. இவர்களுள் பலர் ஏதேனும் ஒரு நாளில் ஒரு விசித்திரத்தை உணர்கின்றனர். ஒரு காதில் ஒலி உரத்துக் கேட்கிறது. மறு காதில் அதே ஒலி மெலிந்து கேட்கிறது. பாடகரின் குரல் தலையின் நடுவே நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

இவ்வாறு உணர்ந்ததும் பெரும்பாலானோர் கருவியைக் குறைகூறிப் புதியதொன்றை வாங்குகின்றனர். வேறு சிலர் கைக்கு அகப்பட்டதைக் காதுக்குள் விட்டுக் குடைகின்றனர். எஞ்சியோர் ஒலியளவைக் கூட்டிவைத்துக்கொண்டு அதனை மறந்துவிடுகின்றனர். சாதாரணமாகத் தோன்றும் இந்த விடயத்தை ஆசிரியர் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இயர்போனின் வலையில் ஒட்டிய சிறு அழுக்கும் இவ்வாறான வேறுபாட்டை உண்டாக்கும். நாட்கணக்கில் தாமதித்தால் திரும்பப்பெற இயலாத கேட்டல் இழப்பும் அதே விதமாகவே தன்னை முதலில் வெளிக்காட்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய முதற்சோதனைக்கு ஒரு நிமிடம் போதுமானது.

முதலில், இந்த வேறுபாடு இயர்போன் மாட்டும்போது மாத்திரம் ஏன் புலப்படுகிறது என்பதை நோக்குவோம். வெளியுலகில் எந்தவோர் ஒலியும் ஒரு காதுக்கு மாத்திரம் வருவதில்லை. பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயில் மணியோசையும் இரு காதுகளையும் வந்தடைகின்றன. அருகிலுள்ள காதுக்குச் சற்று முந்தியும் சற்று உரத்தும், மறு காதுக்குச் சற்றுப் பிந்தியும் மெலிந்தும் வருகின்றன. இந்தப் பிந்துகை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கையும்விடக் குறைவானது. இருந்தும் மூளை அதனை அளந்து, ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. காலவேறுபாடு, உரப்பு வேறுபாடு ஆகிய இரண்டையும் கொண்டே திசை அறியப்படுகிறது என்பதை ஆங்கிலேய பௌதிகவியலாளரான ரேலி பிரபு 1907 இல் தெளிவாக விளக்கினார். அவர் 1904 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்.

எனவே ஒரு காது சற்று மந்தமானாலும் மறு காது அதன் குறையை மறைத்துவிடுகிறது. பேச்சு விளங்குகிறது, வானொலி கேட்கிறது. சந்தை இரைச்சலில் ஒருவர் பேசுவது புரியாமற் போவதும், பின்னால் வரும் வாகனம் எப்பக்கம் வருகிறது என்பதில் தடுமாறுவதும் இதன் அறிகுறிகளே எனினும், அவற்றை எவரும் காதோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. இயர்போன் இந்த மறைப்பை நீக்கிவிடுகிறது. இடது காதுக்குரிய ஒலி இடது காதுக்கு மாத்திரமும், வலது காதுக்குரியது வலது காதுக்கு மாத்திரமும் செல்வதால் ஒவ்வொரு காதும் தனித்தனியே பரீட்சைக்கு உட்படுகிறது. செவிப்புலன் பரிசோதனைக் கூடத்தில் வைத்தியத் துறையினர் செய்வதும் ஏறத்தாழ இதுவேதான். நம்மிற் பலர் அறியாமலேயே நாளாந்தம் அப்பரீட்சைக்கு முகங்கொடுக்கிறோம், பெறுபேற்றைத்தான் பார்ப்பதில்லை.

பரிசோதனைக்கு வருவோம். ஒலி மெலிந்து கேட்பது இடது காதில் என்று வைத்துக்கொள்வோம். ஒலியளவை மாற்றாமல், இடது பக்கத்துக்குரிய இயர்போனை வலது காதிலும் வலது பக்கத்துக்குரியதை இடது காதிலும் மாற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். மெலிவு இப்போது வலது காதுக்கு இடம்மாறினால் காதில் குறையில்லை. குறை கருவியிலோ, கையடக்கத் தொலைபேசியிலோ, கேட்கும் ஒலிப்பதிவிலோ உள்ளது. மாற்றி மாட்டிய பின்னரும் இடது காதிலேயே மெலிவு நின்றுவிட்டால் அந்தக் காதைக் கவனிக்க வேண்டியுள்ளது.

மெலிவு இடம்மாறியவர்கள் நிம்மதியடையலாம். காதுக்குள் நுழையும் வகை இயர்போன்களின் வாயிலுள்ள நுண்ணிய வலையில் காதுக் குடுமி படிந்து அடைத்துக்கொள்வதே மிகப் பொதுவான காரணம். மென்மையான உலர்ந்த பல்துலக்கியால், வலை கீழ்நோக்கியிருக்கும்படி பிடித்துத் துடைத்தால் பல வேளைகளில் சரியாகிவிடும். ஊசியால் குத்தினால் வலை கிழிந்து அழுக்கு உள்ளே இறங்கிவிடும். வயருள்ள இயர்போனாயின் செருகி முழுமையாக உட்செல்லாதிருத்தல், செருகியின் அடியில் வயர் மடிந்து உள்ளே அறுந்திருத்தல் ஆகியனவும் வழமையான குறைகள். கையடக்கத் தொலைபேசியின் அமைப்புகளில் ‘அக்சஸிபிலிட்டி’ எனும் பகுதிக்குள் இடது, வலது ஒலியைச் சமநிலைப்படுத்தும் ஒரு வழுக்கி இருக்கிறது. வீட்டுச் சிறுவர்கள் தொலைபேசியை வைத்து விளையாடும்போது அது ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கலாம். புதிய இயர்போனுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னர் அதனை ஒருமுறை பார்த்துவிடுவது நன்று.

ஒலிப்பதிவே அவ்வாறு அமைந்திருப்பதும் உண்டு. ஸ்டீரியோ முறை புதிதாயிருந்த 1960களில் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் சில இசைத்தட்டுகளில் குரல் ஒரு பக்கத்திலும் வாத்தியங்கள் மறு பக்கத்திலுமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அக்காலத்தில் அறையிலுள்ள இரு ஒலிபெருக்கிகள் வழியே கேட்டவர்களுக்கு அது உறுத்தலாகத் தோன்றவில்லை. இயர்போனில் கேட்பவருக்கோ பாடகர் ஒரு காதுக்குள் குடியேறிவிட்டதுபோல இருக்கும். மத்திய அலைவரிசையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அந்த ஒலிபரப்பு ஒற்றைத் தடத்திலேயே வந்தது. ஆகவே ஒரு பாடலை மாத்திரம் வைத்து முடிவுக்கு வராமல், செய்தி வாசிப்பு போன்ற, குரல் நடுவில் நிற்கும் வேறொரு பதிவையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம் இரு காதுத் துளைகளும் ஒரே அளவினவாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு துளையில் சிலிக்கன் முனை இறுக்கமாகப் பொருந்தி மறு துளையில் தளர்வாக இருந்தால், தளர்ந்த பக்கத்தில் மிருதங்கம், தபேலா போன்றவற்றின் கனத்த ஒலி கசிந்து வெளியேறிவிடும். இது மாற்றி மாட்டினாலும் அதே காதிலேயே நிற்கும், ஆயினும் நோயல்ல. இயர்போனை இலேசாக அழுத்திப் பார்த்தால் ஒலி நிறைந்துவிடும். சந்தேகம் தீராவிடின் இயர்போனை அகற்றிவிட்டு, தொலைபேசியின் பேசும் துளையை ஒரே குரலுக்கு மாறி மாறி இரு காதுகளிலும் வைத்துக் கேட்கலாம்.

இத்தனைக்குப் பின்னரும் ஒரு காது மந்தமாகவே இருக்குமாயின், குறை செவியின் எப்பகுதியில் உள்ளது என்பதே அடுத்த கேள்வி. ஒலியை உள்ளே கடத்தும் வழியில், அதாவது புறச்செவி, செவிப்பறை, நடுச்செவி ஆகியவற்றில் தடை ஏற்படலாம். அல்லது ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் உட்செவியிலோ, அதனை மூளைக்கு எடுத்துச்செல்லும் நரம்பிலோ பழுது ஏற்படலாம். இவற்றைப் பிரித்தறிய வைத்தியர்கள் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்துப் பார்ப்பர். ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் வேபரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. இசைக்கவை இல்லாதவர்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என நீட்டி முனகிப் பார்க்கலாம். முனகல் மந்தமான காதின் பக்கமாக உரத்துக் கேட்டால், அங்கே ஒலி செல்லும் வழியில் தடை இருப்பதற்கான சாத்தியம் அதிகம். நல்ல காதின் பக்கமாகக் கேட்டால் உட்செவியையோ நரம்பையோ சந்தேகிக்க வேண்டும். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு முனகினால், பொத்திய காதிலேயே ஒலி ஓங்கிக் கேட்பதை எவரும் உணரலாம். வைத்தியரின் பரிசோதனைக்கு இது ஒருபோதும் மாற்றீடாகாது. எவ்வளவு அவசரமாக அவரை நாட வேண்டும் என்பதற்கான குறிப்பாக மாத்திரமே கொள்ளத்தக்கது.

ஒலி செல்லும் வழியில் ஏற்படும் தடைகளுள் முதலிடம் காதுக் குடுமிக்கே உரியது. உண்மையில் அது அழுக்கன்று. காதுத் துளையின் தோலைப் பாதுகாக்கும் பொருள். துளையின் தோல் மெதுவாக வெளிநோக்கி நகர்ந்துகொண்டிருப்பதால் குடுமியும் தானாகவே வெளிவந்துவிடும். மணிக்கணக்கில் செருகப்பட்டிருக்கும் இயர்போன் இந்த வழியை அடைப்பதோடு குடுமியை உள்ளேயும் தள்ளுகிறது. பஞ்சு சுற்றிய குச்சி, தீக்குச்சி, கோழியிறகு, சட்டை ஊசி என நம் வீடுகளில் கையாளப்படும் ஆயுதங்கள் யாவும் செய்வதும் அதையே. கிணற்றிலோ கடலிலோ முழுகி எழுந்ததும் குடுமி நீரை உறிஞ்சி ஊதி, காது முற்றாக அடைத்துக்கொள்வதும் உண்டு. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செவிப்பறையில் துவாரம் இருப்பவருக்கு ஊற்றப்படும் எந்தத் திரவமும் நடுச்செவிக்குள் இறங்கிக் கிருமித் தொற்றுக்கு இடமளிக்கும். துவாரம் உண்டா இல்லையா என்பதைக் கருவி கொண்டு பார்க்காமல் எவராலும் கூற முடியாது. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சில நிமிடங்களில் தீர்க்கக்கூடிய இந்தப் பிரச்சினைக்காகச் செவிப்பறையைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் ஏற்புடையதன்று.

தடிமன், சளிச்சுரத்துக்குப் பின் நடுச்செவியில் நீர் தேங்குவதும் ஒரு காதை மந்தமாக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் அது வடிந்துவிடுகிறது. நீண்டகாலமாக நாற்றத்துடன் சீழ் வடியும் காது அப்படியானதன்று. நடுச்செவியின் சிற்றென்புகளை அரித்துவிடும் நிலைமையும் அதற்குள் மறைந்திருக்கலாம் என்பதால் நிபுணரின் பார்வைக்குப் போயே ஆகவேண்டும்.

உட்செவியின் கதை வேறு. அங்குள்ள நத்தைச்சுருளில் சுமார் 15,000 மயிர்க்கலங்களே உள்ளன. கண்ணின் விழித்திரையிலுள்ள ஒளியுணர் கலங்கள் பல கோடி என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சொற்பமான முதலீடு என்பது புரியும். அவை ஒருமுறை அழிந்தால் மனிதனில் மீண்டும் முளைப்பதில்லை. உரத்த ஒலி முதலில் அழிப்பது உயர்ந்த மீடிறனுடைய, கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும் கலங்களையே. அதனால்தான் ஆரம்பத்தில் ‘கேட்கிறது, ஆனால் சொல் விளங்கவில்லை’ என்ற முறைப்பாடு எழுகிறது. ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்தொலிகள் கரைந்துபோகின்றன.

ஒலியினால் வரும் பாதிப்பு இரு காதுகளிலும் சமமாக அமைவதே வழமை. எனினும் ஒலி ஒரு பக்கத்திலிருந்து வந்தால் தலையே ஒரு கேடயமாகி மறு காதைக் காக்கிறது. வலது தோளில் துப்பாக்கியை ஊன்றிச் சுடுபவருக்கு, குழல்வாய்க்கு அருகிலுள்ள இடது காதே அதிகம் பழுதாவது உலகெங்கும் பதிவான உண்மை. எமது நாட்டில் இதனைச் சொல்லும்போது 2009 இல் முடிவுற்ற யுத்தத்தை நினையாதிருக்க முடியாது. ஷெல் விழுந்த பக்கமிருந்த காதில் செவிப்பறை கிழிந்தோ, உட்செவி அதிர்ந்தோ பாதிப்புற்றவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் நம்மிடையே வாழ்கின்றனர். உயிர் தப்பியதே பெரிதென்றிருந்த அந்நாட்களில் காதைப் பற்றி எவர் எண்ணினார்? அன்று சிறுவர்களாயிருந்து இன்று தொழில் பார்க்கும் வயதை அடைந்தவர்களுள் சிலருக்கு, ஒரு காது குறைவாகக் கேட்பதை இயர்போனே முதன்முதலில் தெரிவித்திருக்கவும் கூடும். அவ்வாறானவர்கள் ‘பழைய விடயம்தானே’ என விட்டுவிடாமல் ஒருமுறை கேட்டல் வரைபு எடுத்துக்கொள்ள வேண்டும். கிழிந்த செவிப்பறையை ஆண்டுகள் கடந்தும் சத்திரசிகிச்சையால் மூட இயலும்.

இனி, இக்கட்டுரையில் நாம் மிக முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறோம். நேற்றுவரை சமமாகக் கேட்ட காதுகளில் ஒன்று, இன்று காலை கண்விழித்தபோதோ தொலைபேசியை வைத்தபோதோ இயர்போன் மாட்டியபோதோ திடீரென மந்தமாகியிருப்பின் அது அவசர நிலைமையாகும். உட்செவி சார்ந்த திடீர்க் கேட்டல் இழப்பு என இதனை வைத்தியர்கள் அழைப்பர். 72 மணித்தியாலங்களுக்குள், அடுத்தடுத்த மூன்று மீடிறன்களிலேனும் 30 டெசிபல் அல்லது அதற்கு மேற்பட்ட இழப்பு ஏற்படுவது இதன் வரைவிலக்கணம். சாதாரண உரையாடல் கிசுகிசுப்பாகத் தேய்ந்துபோகும் அளவு அது. ஏறத்தாழ எப்போதும் ஒரு காதையே தாக்குகிறது. காது அடைத்ததுபோன்ற உணர்வு, இரைச்சல், சிலருக்குத் தலைச்சுற்று ஆகியன கூடவே வரும். நாற்பதுகளின் பிற்பகுதியிலும் ஐம்பதுகளின் முற்பகுதியிலும் உள்ளோரிடம் அதிகம் காணப்படினும் எந்த வயதையும் அது விட்டுவைப்பதில்லை. பத்தில் ஒருவரிடமே காரணம் இன்னதென்று கண்டறிய முடிகிறது.

இந்நோயின் ஆபத்து, அது சாதாரணமானவற்றின் வேடத்தில் வருவதிலேயே உள்ளது. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. ‘குடுமி அடைத்திருக்கும்’, ‘பஸ்ஸில் காற்றுப் பட்டிருக்கும்’, ‘தடிமன் இறங்கியிருக்கும்’ என்று வீட்டார் ஆறுதல் கூறுவர். எண்ணெய் விட்டு ஒரு வாரம், ஆவி பிடித்து ஒரு வாரம், அறிந்தவரிடம் சொட்டு மருந்து வாங்கி மற்றொரு வாரம் என நாட்கள் கழிந்துவிடுகின்றன. ஸ்டீரொயிட் வகை மருந்துகளே இதற்கு வழங்கப்படும் பிரதான சிகிச்சை. அவை முதல் இரு வாரங்களுக்குள், இயன்றால் முதற் சில நாட்களுக்குள் தொடங்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் சிகிச்சையின்றியே ஓரளவேனும் குணமடைகின்றனர் என்பதும், மருந்தின் பயன் எத்தகையது என்பதில் வைத்திய உலகில் விவாதம் உண்டு என்பதும் உண்மையே. ஆனால் எந்த அரைவாசியில் தாம் அடங்குவோம் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். வாரங்கள் கடந்த பின் வருபவருக்கு வைத்தியர் கொடுக்கக்கூடியது மிகவும் குறைந்துவிடுகிறது.

ஆகவே இலவச சுகாதார சேவையை நாடிச் செல்வோர் ஒரு விடயத்தைக் கவனத்திற்கொள்ள வேண்டும். நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் ‘காது கேட்கவில்லை’ என்று மாத்திரம் கூறினால் அது ஆயிரத்தில் ஒன்றாகக் கருதப்பட்டு, கிளினிக் திகதி ஒன்று தரப்படக்கூடும். ‘இன்ன நாள் வரை நன்றாகக் கேட்டது, இன்ன நாள் காலையில் ஒரு காது திடீரென மந்தமாகியது’ என்று திகதியோடு கூற வேண்டும். அந்த ஒரு வாக்கியம், போதனா வைத்தியசாலையிலுள்ள காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அன்றே அனுப்பப்படுவதற்கு உதவும். நீரிழிவு உள்ளவர்கள் அதனை மறவாது தெரிவிக்க வேண்டும். ஸ்டீரொயிட் மருந்து இரத்தத்தில் சீனியின் அளவை உயர்த்தும். காதுக்குள் பார்த்து, குடுமிதான் எனத் தெரிந்தால் வீண் அலைச்சலென்று எண்ணத் தேவையில்லை. அகற்றியதும் கேட்டல் திரும்பிவிட்டால் விடயம் முடிந்தது. திரும்பாவிட்டால் அப்போதே அடுத்த படிக்குச் செல்லலாம்.

மெதுவாக, மாதக்கணக்கில் ஒரு காது மாத்திரம் பின்தங்கிச் செல்வதும் விசாரிக்கப்பட வேண்டியதே. செவி நரம்பை ஒட்டி வளரும், புற்றுநோயல்லாத கட்டியொன்று மிக அரிதாக இதற்குக் காரணமாகிறது. ஒரு பக்க இரைச்சல் அதன் துணை அறிகுறி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் அதனை அறியலாம். சுழல் தலைச்சுற்றோடு வந்துபோகும் மந்தம் மெனியர் நோயாக இருக்கலாம். இவற்றைச் சொல்வது வாசகரை அச்சுறுத்துவதற்கன்று. இரு காதுகளுக்குமிடையே சில டெசிபல் வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் இயல்பானதே.

ஒலியளவைப் பற்றிய சர்வதேசக் கணக்கும் வாசகர் அறியத்தக்கது. வளர்ந்தோருக்கு வாரமொன்றுக்கு 80 டெசிபல் அளவில் 40 மணித்தியாலங்கள் என்பதே உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 இல் வெளியிட்ட எல்லை. சிறுவருக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் ஒலியின் சக்தி இருமடங்காவதால் நேரம் பாதியாகக் குறைகிறது: 83 டெசிபலுக்கு 20 மணித்தியாலங்கள், 90 டெசிபலுக்கு வாரத்தில் சுமார் 4 மணித்தியாலங்கள் மாத்திரமே. பாட்டும் ஹோர்னும் இரைச்சலும் நிறைந்த எமது தனியார் பஸ்களில், வெளிச் சத்தத்தை மிஞ்சுவதற்காகவே இயர்போனின் ஒலியைக் கூட்ட வேண்டியுள்ளது. முச்சக்கரவண்டி ஓட்டுபவர்களும் கடைகளில் வேலை செய்வோரும் ஒரு காதில் மாத்திரம் இயர்போன் மாட்டும் வழக்கத்திலும் இதே கோளாறு உண்டு. இரு காதுகளாலும் கேட்கும்போது ஒலி உரத்துத் தோன்றும். ஒரு காதால் கேட்பவர் அந்த இழப்பை ஈடுசெய்ய அந்த ஒற்றைக் காதின் மீதே கூடுதல் ஒலியைச் சுமத்துகிறார்.

முன்னர் குறிப்பிட்ட சமநிலை வழுக்கியை மந்தமான காதின் பக்கம் நகர்த்தி, வேறுபாட்டைச் சரிசெய்துகொள்வோரும் உளர். காரணம் கண்டறியப்படாத நிலையில் இதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம். நலிந்த காதுக்கு மேலும் உரத்த ஒலி செல்வதோடு, நிலைமை மோசமாகிறதா என்பதை அறிவிக்கும் ஒரே அடையாளமும் அதனால் அழிந்துவிடுகிறது. கேட்டல் வரைபு எடுத்து, ஒரு காதின் இழப்பு நிரந்தரமானது என்று உறுதியானவர்களுக்கு அதே பகுதியிலுள்ள ‘மோனோ’ அமைப்பே பொருத்தமானது. இரு தடங்களின் ஒலியும் ஒன்றாக்கப்பட்டு நல்ல காதுக்கு முழுமையாக வந்துவிடும்.

பிள்ளைகள் விடயத்தில் பெற்றோருக்கு இது இன்னும் பயன்படும். கூவைக்கட்டு எனப்படும் நோய் சில பிள்ளைகளின் ஒரு காதின் கேட்டலை முற்றாகப் பறித்துவிடுவதுண்டு. இலங்கையில் அதற்கெதிரான பாதுகாப்பையும் உள்ளடக்கிய தடுப்பூசி 2011 இல் தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு காது கேளாத பிள்ளை பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்வதால் வருடக்கணக்கில் எவருக்கும் தெரியாமலிருக்கும். இணையவழி வகுப்பில் இயர்போனை எப்போதும் ஒரே காதில் மாட்டும் பிள்ளையிடம் மறு காதில் மாட்டச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தபின் பாடசாலையில் செய்ய வேண்டியது சுலபமானது. இடது காது கேளாத பிள்ளையை வகுப்பின் முன்வரிசையில், அதன் இடது தோள் சுவரை ஒட்டியிருக்கும்படி அமர்த்தினால், நல்ல வலது காது ஆசிரியரின் பக்கமும் ஏனைய பிள்ளைகளின் பக்கமும் திறந்திருக்கும்.